ஓசூர் பஸ்ஸில் சேலத்துக்கு

"உனக்கெதுக்குடி அந்தக் கதையெல்லாம்? தக்காளியப் பாத்துப் பொறுக்கு. பழத்தையும் காயையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டு, ஜெயிலுக்கு எந்த பஸ்ல போவணும்னு கேக்குறா பாரு. நான் என்ன டிராவல்ஸா வெச்சிருக்கேன்?"

அப்படித்தான் அவளைத் திட்டினேன். தக்காளி மண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பழம் தரம் பிரிக்கிறவள். நாற்பது வயதிருக்கும். பத்து நாளைக்கு முன்னால்தான் அவள் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துச் சேலம் ஜெயிலுக்கு அனுப்பியிருந்தார்கள். மண்டியில் அத்தனை பேர் இருந்தும் அவள் என்னிடம்தான் கேட்க வேண்டும். அந்தப் படிப்பை வேறு யாரும் படிக்கவில்லை. நான் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். இதில் மட்டும் பெரிய டிகிரி.

அவள் அழவில்லை. ஓட்டை விழுந்த பழம் ஒன்றைத் தூர வீசிவிட்டு, "நீங்க ரெண்டு வருசம் போனீங்களே, அதான் கேட்டேன்" என்றாள்.

"நான் போன பஸ்ல மட்டும் போயிடாத."

"ஏன், எதுல போனீங்க?"

"ஓசூர் பஸ்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் மாரண்டஹள்ளியில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், ஓசூர் ஒரு திசை, சேலம் அதற்கு நேர் எதிர்த் திசை என்று. கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். கலங்கியது உண்மைதான். அதைத்தான் அவளுக்குச் சொன்னேன்.

என் மகன் தக்காளி லோடு ஓட்டுகிற டெம்போ டிரைவர். ஒரு தடவை சேலத்தைத் தாண்டி ஒரு செக்போஸ்டில் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். மேல் வரிசையில் தக்காளிப் பெட்டி, அடி வரிசையில் கஞ்சா மூட்டை. அவனுக்குத் தெரியாமல் யாரோ ஏற்றிவிட்டார்கள் என்று வக்கீல் கோர்ட்டில் சொன்னார். அது வக்கீல் வேலை. எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம் அவன் புது போன் வாங்கினான், மருமகளுக்குக் கொலுசு வாங்கினான், எனக்குக் கூட ஒரு ஃபேன் வாங்கிப் போட்டான். தக்காளி விலை அப்போது தரையில் கிடந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். நான் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொண்டேன்.

பேப்பரில் நாலு வரி வந்ததாம். எங்கள் ஊர் பேருக்குப் பதில் வேறு ஊர் பேரைப் போட்டிருந்தார்கள். மறைக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நாங்கள் இருப்பது வரிசை வீடு. ஆறு வீட்டுக்கு ஒரே குழாய். மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்கும்போது எதிர் வீட்டுக்காரி, "என்னாக்கா, பையனக் காணோம்?" என்றாள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "பெங்களூருல வேலைக்குப் போயிட்டான்."

பெங்களூர் என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் இரண்டாவது கேள்வி கிடையாது. வீட்டுக்கு ஒருவன் அங்கே கார் ஓட்டுகிறான், இல்லையென்றால் கட்டடத்தில் கம்பி கட்டுகிறான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று எனக்கே ஆச்சரியம். பொய்யைப் பெறுவது சுகப்பிரசவம்தான். வளர்ப்பதில்தான் முதுகு ஒடிகிறது.

ஜெயிலில் ஆளைப் பார்ப்பதற்கு மனு பார்ப்பது என்று சொல்வார்கள். பார்க்க வந்திருக்கிறேன் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்கென்று நாள் உண்டு, நேரம் உண்டு. மதியத்துக்கு முன்னால் சீட்டு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். சேலம் போக வேண்டுமானால் நான் எங்கள் ஊர் ஸ்டாப்பில் தர்மபுரி பஸ் ஏற வேண்டும். அந்த ஸ்டாப் டீக்கடைக்கு முன்னால். டீக்கடையில் எப்போதும் எங்கள் வரிசை வீட்டு ஆம்பிளைகள் யாராவது இருப்பார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான், கிழவி மாதம் தவறாமல் தர்மபுரி பஸ் ஏறினால் என்ன அர்த்தம்?

அதனால் நான் எதிர்ப்பக்கம் நின்று, எல்லோரும் பார்க்க, ஓசூர் பஸ்ஸில் ஏறுவேன். "பையனப் பாக்கவா ஆயா?" என்று கடைக்காரர் கேட்பார். "ஆமாப்பா, பெத்த வயிறு கேக்குதா?" என்று சொல்லிக்கொண்டே ஏறுவேன். மூன்றாவது ஸ்டாப்பில் இறங்குவேன். ரோட்டைத் தாண்டி நின்று, தர்மபுரி போகிற பஸ்ஸைப் பிடிப்பேன். அந்தப் பஸ் எங்கே போகும்? திரும்ப எங்கள் ஊர் டீக்கடை முன்னால்தான் வந்து நிற்கும். அப்போது நான் சீட்டில் குனிந்து, தலையை முட்டிக்கு நடுவே வைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை கண்டக்டர் தம்பி கேட்டான். "ஆயா, என்னா தேடுறீங்க?"

"பல்லு விழுந்திருச்சுடா."

"எங்க விழுந்துச்சு? எடுத்துத் தரட்டுமா?"

"அது விழுந்து இருபது வருசம் ஆவுது. நீ போயி டிக்கெட்டப் போடு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கூத்தில் எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது, மறைக்க மாட்டேன். திரும்பி வரும்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் மைசூர்பாகு வாங்கி, "மவன் குடுத்து வுட்டான்" என்று ஆறு வீட்டுக்கும் கொடுப்பேன்.

பக்கத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த மண்டிக்காரி பெட்டியை நகர்த்திவிட்டு, "உள்ள என்னா கொண்டு போவலாம்?" என்று கேட்டாள்.

அதைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஆதார் கார்டு அசலைக் கொண்டு போ. என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று முதல் நாளே வாசலில் கேட்டுக்கொள், அடுத்தவள் சொன்னதை நம்பாதே. போனை வெளியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முக்கியமாக, இடுப்பை நீயே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள். முதல் தடவை நான் போனபோது சோதனை செய்த போலீஸ் பொண்ணு என் சுருக்குப் பையை அவிழ்த்தது. வெற்றிலை, பாக்கு, ஒரு கட்டுப் புகையிலை.

"என்னாம்மா இது?" என்றது அந்தப் பொண்ணு.

"மவன் உள்ள வந்ததே இந்த மாதிரி எலைக்குத்தான் சாமி. எனக்கும் ஒரு ரூமு போட்டுக் குடுத்திடுவியா?"

அந்தப் பொண்ணு சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, பையை வாங்கி ஓரமாக வைத்தது. வாய் பேசியதே தவிர, அன்று பயந்துதான் நின்றேன் என்று இவளிடம் சொன்னேன். உனக்கும் பயமாக இருக்கும், அதற்கு வெட்கப்படாதே என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு போன். முதல் தடவை கிடைத்த நேரம் முழுக்க நான் அழுதேன். அவன் "அம்மா, அம்மா" என்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை மருமகளைப் பற்றிக் கோள் சொன்னேன். கம்பெனியில் ஓவர்டைம் என்று இருட்டினால்தான் வருகிறாள், எனக்கு மரியாதை இல்லை, குழம்பில் உப்பு இல்லை என்று. அவன் அங்கே இருந்துகொண்டு குழம்பில் உப்பா போட முடியும்? முகம் சுண்டிப் போய் உள்ளே போனான். அன்று ராத்திரி அவன் எப்படித் தூங்கியிருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

மூன்றாம் தடவைதான் எனக்குப் புத்தி வந்தது. "உள்ள களிதான் போடுறாங்களாடா?" என்று கேட்டேன்.

"களியெல்லாம் இல்லம்மா. சோறு, சாம்பாரு."

"அப்ப நம்ம வூட்டவிட நல்லாத்தான் இருக்குது. இங்க வெளிய இருக்கறவன்தான்டா களி திங்கறான்."

சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தான். கண்ணாடி வழியாக அவன் கடைவாய்ப் பல் தெரிந்தது. ராகிக் களி தின்று வளர்ந்த தர்மபுரிக்காரனுக்குத்தான் அது புரியும். "போனா அப்படிச் சிரிக்க வெச்சிட்டு வா. அழுவறதுக்கு வூட்டுல வேண்டிய எடம் இருக்குது" என்று மண்டிக்காரிக்குச் சொன்னேன்.

இதெல்லாம் நான் நன்றாகச் செய்தது. செய்யாததைச் சொல்ல வேண்டும்.

உள்ளே இருக்கிறவர்கள் வாரத்தில் சில நிமிடம் போன் பேசலாம். வீட்டு நம்பர் ஒன்றை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் என் நம்பரை எழுதச் சொன்னேன். பெற்றவள் நான்தானே என்ற திமிர். அவன் பெண்டாட்டி என் போனை வாங்கி, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, புருசனிடம் பேசுவாள். "ம்", "சரி", "பாப்பா நல்லா இருக்கா", அவ்வளவுதான். மாமியார் காது பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பெண் வேறு என்ன பேசுவாள்? இரண்டு வருசம் அவர்கள் பேச்சை நான் தின்றேன்.

பேத்தி இன்னொன்று. அவனைப் பிடித்தபோது அவளுக்கு ஆறு வயது. "பாப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வாம்மா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். மருமகளும் சொன்னாள், "உண்மையச் சொல்லிக் கூட்டிட்டுப் போலாம் அத்தே, அவ புரிஞ்சுக்குவா." நான்தான் விடவில்லை. குழந்தை வாயில் நிற்குமா, பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டால்? அப்பா பெங்களூரில் என்றே அவளுக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் போன் வந்தது. "அம்மா, என்னைய மெட்ராஸ் பக்கம் ஜெயிலுக்கு மாத்தறாங்க. அடுத்த மனு நாள்தான் இங்க கடைசி. பாப்பாவ மட்டும் கூட்டிட்டு வந்திரும்மா. மெட்ராஸுக்கெல்லாம் உன்னால வர முடியாது."

மருமகள் தானும் வருவதாகச் சொன்னாள். அவள் வந்தால் ஓசூர் பஸ்ஸில் ஏற விடமாட்டாள்; மூன்று பேரும் சேர்ந்து தர்மபுரி பஸ் ஏறினால் டீக்கடையில் என்ன நினைப்பார்கள்? "நீ போன மனுவுல கம்பெனியில இருந்தே போயிப் பாத்துட்டியே. நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன், நீ கம்பெனிக்குப் போ" என்றேன்.  மனு நாளன்று காலையில் அவள் பேத்திக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டே, "நேரா தர்மபுரி பஸ்ல ஏறுங்க அத்தே. இன்னிக்கு ஒரு நாளாவது சுத்தாதீங்க" என்றாள்.

"சரி சரி" என்றேன்.

டீக்கடையில் எதிர் வீட்டுக்காரியின் புருசன் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரிலிருந்தே கிளம்புகிற தர்மபுரி பஸ் காலியாக வந்து நின்றது. எனக்கும் பேத்திக்கும் ஜன்னல் சீட்டே கிடைத்திருக்கும். நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஓசூர் பஸ் வந்தது, ஏறினோம். மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கினோம்.

அன்று முகூர்த்த நாள் என்பதை மறந்துவிட்டேன். நாங்கள் இறங்கிய இடத்தில் ஒரு புளியமரமும் ஒரு ஸ்டாப் பலகையும்தான். தர்மபுரி பக்கம் போகிற பஸ் ஒவ்வொன்றும் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, படியில் ஆள் தொங்க வந்தது. நான் கை நீட்ட நீட்ட, நிற்காமல் போனது. இரண்டு போனது. மூன்றாவது நின்றது, ஆனால் ஏற இடமில்லை. நாலாவதில் பேத்தியைத் தூக்கி ஜன்னல் வழியாக ஒரு அம்மா மடியில் போட்டுவிட்டு நான் படியில் தொத்தினேன். எங்கள் ஊர் டீக்கடையைத் தாண்டியபோது குனியக்கூட இடமில்லை. யார் பார்த்தார்களோ, பார்க்கவில்லையோ.

பேத்தி புதிதாகப் படிக்கக் கற்றவள். வழியெல்லாம் போர்டைக் கத்திக் கத்திப் படித்துக்கொண்டு வந்தாள். "ஆயா, இதுல தர்மபுரின்னு போட்டிருக்குது."

"பெங்களூருக்கு ரெண்டு வழி கண்ணு."

தர்மபுரியில் பஸ் மாறினோம். "இதுல சேலம்னு போட்டிருக்குது."

"இது மூணாவது வழி."

எனக்குப் படிக்கத் தெரியாததால் எல்லாப் போர்டும் ஒன்றுதான். அவளுக்கு அப்படியில்லை. ஜெயில் வாசலில் பெரிய எழுத்து. அண்ணாந்து பார்த்தாள். அதை மட்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சீட்டு வாங்குகிற ஜன்னல் மூடியிருந்தது. தட்டித் திறக்க வைத்து, உள்ளே இருந்த அம்மாவைக் கும்பிட்டேன்.

"மனு நேரம் முடிஞ்சிருச்சும்மா. பாத்துட்டு எல்லாரும் வெளியவே வந்துட்டாங்க."

"தர்மபுரிக்கு அந்தாண்ட இருந்து வர்றோம் தாயீ. பஸ்ஸே நிக்கல."

"தர்மபுரிக்காரங்க எட்டு மணிக்கே வந்து உக்காந்திருந்தாங்களே."

 எந்த நேரத்திலும் ஒரு வாய்ப்பேச்சு வைத்திருப்பவள் நான். அன்று ஒன்றும் வரவில்லை. அந்த அம்மா கெட்டவர் இல்லை, எழுந்து வந்து பேத்திக்குத் தண்ணீர் கொடுத்தார். நேரம் அவர் கையில் இல்லை. என் கையில் இருந்தது, நான் அதைப் புளியமரத்தடியில் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

திரும்பி வந்ததும் குழாயடியில் எதிர் வீட்டுக்காரி பேத்தியைப் பிடித்துக்கொண்டாள். "என்னா பாப்பா, அப்பாவப் பாத்தியா?"

 இதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பாத்தேன். ஏழு மாடி பில்டிங்கு. அப்பாவுக்கு லீவே இல்ல, ஆனாலும் கீழ எறங்கி வந்து எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு. ரோஸ் கலரு. தலைக்கு எண்ணெ வெச்சு நல்லா சீவியிருந்தாரு."

ஒரு சொல்லும் தடுமாறவில்லை. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டு டீச்சரைப் பார்ப்பார்களே, அப்படி.

நான் உள்ளே போய், மகன் வாங்கிப் போட்ட அந்த ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் மகன் பேசினான். "காலையிலேயே ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருந்தேன்மா. பேரு கூப்புடறப்பெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன்."

"பஸ்ஸு பஞ்சருடா" என்றேன். அதுவும் பொய். அவனிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.

"பரவால்லம்மா. பாப்பா ஒசந்துட்டாளா?"

"என் தோளுக்கு வர்றா." அதுகூட உண்மையில்லை, இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான் வருவாள். அவன் சந்தோசப்படட்டும் என்று ஏற்றிச் சொன்னேன்.

பேத்தி தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மருமகள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, "எத்தன தடவ அத்தே அந்த பஸ்ல போனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாத் தடவையும்."

"அவரு உள்ள இருக்கறது எனக்கு அசிங்கமா இல்ல அத்தே. நாம ஒளியறதுதான் அசிங்கமா இருக்குது."

அந்த வாரமே போன் நம்பரை மாற்ற எழுதிக் கொடுத்தாள்.  இப்போது அவன் அவளுக்குப் பேசுகிறான். அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியில் போய்ப் பேசுகிறாள். சில நாள் அவள் சிரிப்பது கேட்கும். கடைசியில் "உங்கம்மாகிட்ட பேசுறீங்களா?" என்று எனக்குக் கொடுப்பாள். ஒரு நிமிடம் கிடைக்கும். எனக்கு அது போதும். அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

"அதனால நீ மொதல்ல செய்ய வேண்டியது இது" என்று மண்டிக்காரிக்குச் சொன்னேன். "மாமியாரு நம்பர எழுதாத, உன் நம்பர எழுது. புள்ளைங்களுக்கு உங்கப்பா எங்க இருக்காருன்னு நீயே உன் வாயால சொல்லு. போர்டு சொல்ற வரைக்கும் வெச்சிராத. அப்புறம் உங்க ஊர்ல எந்த பஸ்ஸு நேராப் போவுதோ அதுல ஏறு."

"நாலு பேரு பாப்பாங்களே ஆயா."

"பாக்கட்டும். நான் குனிஞ்சு குனிஞ்சு போயி என்னாத்தப் பாத்தேன்?"

மகனை மாற்றி இரண்டு மாதம் கழித்து மருமகள் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, பேத்தியோடு மெட்ராஸுக்குக் கிளம்பினாள். "இந்தத் தடவ நாங்க போயிட்டு வர்றோம் அத்தே" என்றாள். நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். மூன்று பேரும் டீக்கடை முன்னால், விடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், நேராகத் தர்மபுரி பஸ்ஸில் ஏறினார்கள். பேத்தி ஜன்னலில் இருந்து கையாட்டினாள். அவள் குனியவில்லை.

நான் திரும்பி வந்தபோது குழாயடியில் நாலு வீட்டுக்காரிகள் நின்றிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரி, "என்னாக்கா, மருமக புள்ளையோட எங்க போவுது? பெங்களூருக்கா? அந்த பஸ்ஸு அந்தப் பக்கம் போவாதே?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலை ஆடவும் பார்த்தது.

குடத்தைக் கீழே வைத்தேன்.

"பெங்களூரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எம்மவன் ஜெயில்ல இருக்கான். ரெண்டு வருசம் சேலத்துல இருந்தான், இப்ப மெட்ராஸ் பக்கம். கஞ்சா ஏத்திட்டுப் போனான், புடிச்சாங்க. நான் ஓசூர் பஸ்ல ஏறினதெல்லாம் வேசம். நீங்க தின்ன மைசூர்பாகு தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல வாங்கினது. இனிமே என்னா வேணும்னாலும் எங்கிட்ட கேளுங்க, சொல்றேன். எம்பேத்திகிட்ட மட்டும் கேக்காதீங்க. அவ எட்டு வயசுலயே என்னையவிட நல்லாப் பொய் சொல்றா. நாந்தான் பழக்கி வுட்டேன்."